வானொலிப் பேரேடு: கணினியில் லாக் எழுதும் முறை

காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் முப்பத்தொரு ஆண்டுகள் பேரேட்டோடு வாழ்ந்தவன் நான். சிற்றலை கேட்கத் தொடங்கியது பள்ளி நாட்களில். ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் பிறரோடு பேசுவதற்கான உரிமம், வாங்கியது பணி ஓய்வுக்குப் பிறகு. இரண்டுக்கும் லாக் எழுதுகிறேன்: எந்த நிலையத்தை எப்போது, எந்த அலைவரிசையில் கேட்டேன், யாரோடு பேசினேன் என்ற பேரேடு அது. எந்த மென்பொருள் நல்லது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் மேசையில் எத்தனை கடிகாரம் இருக்கிறது?

இரண்டு வேண்டும். ஒன்று நம் நேரம் காட்டட்டும். மற்றொன்று யூடிசி என்னும் உலக நேரம் காட்டட்டும். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மார்ச் 8 அதிகாலை 4:30க்கு நீங்கள் ஒரு நிலையத்தைப் பிடித்தால், உலக நேரத்தில் அது மார்ச் 7, 23:00. மணியைச் சரியாகக் கழித்துவிட்டுத் தேதியை மாற்ற மறந்த பதிவுகளை எத்தனையோ பேரின் லாகில் பார்த்திருக்கிறேன். நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை நமக்கு எப்போதுமே இந்தக் கண்ணி உண்டு. சிற்றலையில் நல்ல வேட்டை கிடைப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். உரிமம் வந்த புதிதில், குரல்வழி பேசிய 86 தொடர்புகளை நம் நேரத்திலேயே மென்பொருளில் ஏற்றிவிட்டேன். அதை அப்படியே எல்ஓடிடபிள்யூ என்னும் இணையப் பதிவேட்டுக்கு அனுப்பினேன். பேசிய இருவரும் தனித்தனியே அனுப்பும் பதிவுகளை ஒப்பிட்டு உறுதிசெய்யும் ஏற்பாடு அது. அழைப்புக் குறி (உரிமத்தோடு ஒவ்வொரு ஹாமுக்கும் தரப்படும் அடையாளப் பெயர்), அலைவரிசைப் பட்டை, பேசிய முறை ஆகியவை பொருந்த வேண்டும். நேரம் முப்பது நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். என் பதிவுகள் ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றன. ஒன்றுகூட உறுதியாகவில்லை. இரண்டு மாலைகள் உட்கார்ந்து 86 வரிகளையும் திருத்தினேன். அதற்குப் பிறகுதான் பதில்கள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின.

இனி மென்பொருள். விண்டோஸ் வைத்திருக்கும் ஹாம் நண்பர்களுக்கு லாக்4ஓஎம் போதும். இலவசம், வசதிகள் அதிகம். லினக்ஸ் என்றால் சிக்யூஆர்லாக். குறித்த நேரத்துக்குள் அதிக நிலையங்களோடு பேசும் போட்டி நாட்களில் மட்டும் என்1எம்எம். வேகமாகத் தட்டச்சு செய்யவும், ஒரே நிலையத்தை இரண்டாம் முறை அழைத்தால் எச்சரிக்கவும் அதற்கு இணையாக நான் எதையும் கண்டதில்லை. ஆனால் அன்றாடப் பேரேடாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நிறுவியவுடன் அழைப்புக் குறியையும் கட்ட எண்ணையும், அதாவது உலக வரைபடத்தில் உங்கள் இடம் விழும் கட்டத்தின் குறியையும், கொடுங்கள். கட்ட எண்ணை ஊர்ப் பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். மதுரை எம்ஜே99, எங்கள் காரைக்குடி எம்கே90. பத்தாவது அட்சரேகை இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடுவதால் எழுத்தே மாறிவிடுகிறது. எண்பதாவது தீர்க்கரேகையைத் தாண்டிக் கிழக்கே இருப்பதால் சென்னை என்கே03. வரைபடத்தில் உங்கள் வீட்டைக் குறித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து ரேடியோவைக் கணினியோடு கேபிளில் இணைத்து, அலைவரிசையை மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். 14 மெகாஹெர்ட்ஸில் பேசியதை 7 என்று எழுதும் பிழை அதோடு ஒழியும். எஃப்டி8 என்னும் கணினிவழித் தொடர்பு முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, அதற்கான மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் உலக நேரத்திலேயே எழுதிவிடும். அதிலிருந்து லாக் மென்பொருளுக்குப் பதிவு தானாகப் போக வேண்டுமானால், இரண்டிலும் ஒரே யூடிபி போர்ட் எண் (மென்பொருள்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் வாசலின் எண்) இருக்க வேண்டும்; வழக்கமாக 2237. எஃப்டி8 பதினைந்து விநாடிச் சுற்றுகளில் ஓடுகிறது. கணினிக் கடிகாரம் ஓரிரு விநாடி பிசகினாலே எதிர்முனை காதில் விழாது. இணைய நேரத்தோடு அதை ஒத்திசைத்து வைப்பது இங்கே கட்டாயம்.

சிற்றலை நேயர்களுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. ஹாம் மென்பொருள்கள் இருவர் பேசிக்கொண்டதைப் பதிவதற்காகச் செய்யப்பட்டவை. நாம் கேட்பது ஒலிபரப்பு. லிப்ரெ ஆஃபீஸ் விரிதாளே எனக்குப் பல ஆண்டாகப் பழகிய துணை. தேதி, உலக நேரத் தொடக்கம், முடிவு, கிலோஹெர்ட்ஸ், நிலையம், மொழி, சின்போ, ரேடியோவும் ஆன்டெனாவும், கேட்டது என்ன: ஒன்பது பத்திகள் போதும். நேரப் பத்தியை முதலிலேயே ‘உரை’ வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 0030 என்று நீங்கள் எழுதியதை அது வெறும் 30 ஆக்கிவிடும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். பின்னால் வரிசைப்படுத்தும்போது அருமை தெரியும்.

சின்போ என்பது ஐந்து இலக்கம்: சமிக்ஞையின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலை ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 5தான் சிறப்பு. பிடித்த நிலையம் என்பதற்காக 55555 போட்டு அனுப்பாதீர்கள். அந்த அறிக்கையால் அங்கிருக்கும் பொறியாளருக்கு ஒரு பயனும் இல்லை.

என் லாகிலிருந்து ஒரு வரி. நவம்பர் 11, உலக நேரம் 1955 (19:55) முதல் 2020 (20:20) வரை, 9420 கிலோஹெர்ட்ஸ், கிரீஸ் வானொலி, கிரேக்கம், 35433. கேட்டது: ‘1955 பெண் குரல், மெதுவான பாடல், 1958 கம்பி வாத்தியம் மட்டும், 2000 நேர ஒலி, ஆண் குரல் செய்தி, ஏதென்ஸ் என்ற சொல் இரண்டு முறை, 2007 முதல் அலை மங்கியது.’ எங்கள் சுவர்க் கடிகாரத்தில் அப்போது நவம்பர் 12, நள்ளிரவு தாண்டி 1:25. மொழி தெரியாவிட்டாலும் நிமிடத்தோடு எழுதிய இந்த நான்கு குறிப்புகள், நான் உண்மையில் கேட்டேன் என்பதற்குச் சாட்சி. நான் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் வண்ண அட்டையைக் கேட்டு நேயர் அறிக்கை அனுப்பும்போது இந்த வரியைத்தான் விரித்து எழுதுகிறேன்.

எய்பி என்ற இலவச அலைவரிசைப் பட்டியலை விரிதாளில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று சிற்றலை அட்டவணைகள் மாறும். அன்று புதிய பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக நிலையத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். அறிவிப்பைக் காதால் கேட்டிருந்தால் ‘கேட்டேன்’ என்று எழுதுங்கள். கேட்காமல் அலைவரிசையைப் பார்த்து முடிவு செய்திருந்தால் ‘பட்டியல்படி’ என்று எழுதுங்கள். பணத்தை எண்ணாமல் ரசீது போடுவது வங்கியில் எவ்வளவு பெரிய குற்றமோ, லாகில் இது அவ்வளவு பெரிய குற்றம். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. அதன் கடைசி வாரத்தில் என் காதில் என்ன விழுந்தது என்று சொல்ல இன்று என்னிடம் இருப்பது அப்போது லாகில் எழுதிய ஏழு வரிகள் மட்டுமே. கேட்காத ஒரு சொல் அதில் கலந்திருந்தால் அவற்றுக்கு மதிப்பே இல்லை.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹாம் மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் கோப்பு வகை ஏடிஐஎஃப். அதன் வழக்கமான ஏடிஐ வடிவம் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே வகுக்கப்பட்டது. தமிழ்க் குறிப்பை அதில் ஏற்றினால் இன்னொரு மென்பொருளில் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரலாம். மேலும், அந்தக் கோப்பில் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதில் எத்தனை எழுத்து என்ற எண் இருக்கும். நீங்கள் கையால் திறந்து ஐந்தெழுத்து அழைப்புக் குறியை ஆறெழுத்தாகத் திருத்தி எண்ணை மட்டும் விட்டுவிட்டால், கடைசி எழுத்து வெட்டுப்படும். திருத்தத்தை மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள். தமிழ்க் குறிப்புகளை விரிதாளில் வையுங்கள். அதை சிஎஸ்வி என்னும் எளிய உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது, தமிழ் எழுத்து சிதையாமலிருக்க யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அலைவரிசையைப் பொறுத்தவரை ஏடிஐஎஃப் மெகாஹெர்ட்ஸில் எதிர்பார்க்கும். 9420 என்று கொடுத்தால் தவறு, 9.420 என்பதே சரி.

ஞாயிறுதோறும் லாகை ஏடிஐஎஃப் கோப்பாக வெளியே எடுங்கள். ஒன்று கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று இணையச் சேமிப்பில். எல்ஓடிடபிள்யூ சான்றிதழ்க் கோப்பையும் அதோடு சேர்த்து வையுங்கள். நகல் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. மாதம் ஒருமுறை புதிதாக ஒரு வெற்று லாகைத் திறந்து, பென்டிரைவில் உள்ள கோப்பை அதில் ஏற்றிப் பாருங்கள். பழையதில் 1,412 தொடர்புகள் என்றால் புதியதிலும் 1,412 காட்ட வேண்டும். 1,411 என்று வந்தால், விட்டுப்போன அந்த ஒன்று எது என்று தெரியும்வரை நான் எழுந்திருப்பதில்லை.