தகரக் கூரையில் சோலார் ஒயர்: மழைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

பர்மாவில் எங்கள் மோல்மீனில் சோலார் மாட்ட நல்ல காலம் ஏப்ரலில் வரும் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்து மழை இறங்குவதற்குள் கிடைக்கிற சில வாரங்கள்தான். கரண்ட் அடிக்கடி போய்விடுகிறது, அதனால் தெருவுக்குத் தெரு பேனல் ஏறிவிட்டது. எந்தப் பேனல் வாங்கலாம் என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒயரைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நான் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் பேனல் கெட்டிருப்பது அபூர்வம். கருகிக் கிடப்பது இணைப்புதான்.

முதலில் ஒன்று. வெயில் பட்டால் பேனலில் கரண்ட் இருக்கிறது, அதை நிறுத்த அதில் சுவிட்ச் கிடையாது. 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 50 வோல்ட் தரும். நான்கைத் தொடராக மாட்டினால் 200 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். வீட்டு லைனில் வருகிற, திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டில் பொறி கிளம்பினால் நொடிக்கு 100 தடவை கரண்ட் பூஜ்யத்துக்கு வந்து போவதால் அது அணைய வழி இருக்கிறது. டிசியில் அந்த வழி இல்லை, பொறி நின்று எரியும். சாக்குப் போட்டு மூடினால் கரண்ட் குறையும், வோல்ட்டேஜ் முழுசாகப் போய்விடாது. அதனால் மூடிவிட்டோம் என்ற தைரியத்தில் கை வைக்காதீர்கள்.

ஒயர் சோலார் கேபிளாகவே இருக்கட்டும். 4 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய தாமிர இழை, இரட்டை உறை. வீட்டு ஒயரின் தோல் வெயிலில் வெடித்துவிடும்.

அடுத்தது கனெக்டர். இங்கேதான் பொறுமை வேண்டும். பேனல் ஒயர்களைச் சேர்க்கிற எம்சி4 கனெக்டருக்கு ஒயரின் தோலை ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு உரித்து, ஓர் இழைகூட அறுபடாமல் கனெக்டரின் உலோகப் பின்னுக்குள் விட்டு, அதற்கென்று இருக்கும் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். குறடு வேலைக்கு ஆகாது. அழுத்தியதும் பின்னைப் பிடித்து பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வெட்டிப் போட்டுப் புதிதாகச் செய்யுங்கள். அப்புறம் பின்னை உறைக்குள் தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். பின்பக்க மூடியை ஸ்பேனர் போட்டு முடுக்கினால்தான் உள்ளே இருக்கிற ரப்பர் ஒயரைக் கவ்வித் தண்ணீரைத் தடுக்கும். கையால் திருகியது போதாது.

கனெக்டரின் ஆண் பாதியும் பெண் பாதியும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். மளிகைக்கடை அண்ணன் ஒருவர் வீட்டில் மத்தியான வெயிலில் இன்வர்ட்டர் விட்டுவிட்டு நின்றது. கனெக்டரைக் கழற்றினேன். ஆண் ஒரு கம்பெனி, பெண் வேறு கம்பெனி. ஒரு பாதி உருகி வளைந்திருந்தது, பின்னில் பச்சைக் களிம்பு, உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. "டிக்குன்னுதானே மாட்டிக்கிச்சு தம்பி?" என்றார். மாட்டிக்கொள்ளும், அண்ணே. அளவில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பின் முழுசாகத் தொடாது, தொடாத இடம் சூடேறும். இன்சுலேஷன் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு இதைவிட மோசம். கூரைச் சூட்டில் பசை இளகி டேப் தானே அவிழ்ந்துவிடும்.

கனெக்டரைத் தகரத்தின் மேல் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் ஓடுகிற வழி அது. பேனலுக்கு அடியில் அதைத் தாங்கும் ரெயில் கம்பியோடு சேர்த்துத் தூக்கிக் கட்டுங்கள், வெயிலுக்குத் தாங்குகிற கறுப்பு கேபிள் டையால். வெள்ளை டை சீக்கிரமே பொடிந்துவிடும். தகர விளிம்பைத் தாண்டும் இடத்தில் ஒயருக்குக் குழாய் போடுங்கள், எலிக்கும் அது தடை. வீட்டுக்குள் நுழையும் முன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிளஸ், மைனஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோங்கள். தள்ளித் தள்ளிப் போட்டால் நடுவில் பெரிய வளையமாகி, பக்கத்தில் இடி விழும்போது அதில் ஏறும் வோல்ட்டேஜ் இன்வர்ட்டரைக் கெடுக்கும். பேனல் சட்டங்களுக்கு எர்த் தனியாக.

பிரேக்கர் டிசிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். வீட்டு ஏசி பிரேக்கர் மலிவு என்று போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சில டிசி பிரேக்கரில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். மாற்றிக் கொடுத்தால் பொறி அணையாது. தொடராக மாட்டிய பேனல் வரிசைகள் மூன்றையோ அதற்கு மேலோ இணையாக, பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால், ஒவ்வொரு வரிசைக்கும் ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸின் உச்ச அளவு பேனலின் பின்பக்க லேபிளிலேயே இருக்கும்.

இன்வர்ட்டரில் கொடுக்கும் முன் மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். நான்கு பேனலுக்கு 200-க்குக் கிட்டே வர வேண்டும். மைனஸ் குறி விழுந்தால் ஒயர் தலைமாறி இருக்கிறது. பூஜ்யம் என்றால் எங்கோ பின் உட்காரவில்லை.

கழற்றும்போது முதலில் இன்வர்ட்டரை நிறுத்துங்கள், பிறகு டிசி பிரேக்கர். ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கிற கிளாம்ப் மீட்டரில் டிசி ஆம்பியர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கனெக்டரில் கை வைக்க வேண்டும்.