மான் வேட்டையில் விலங்குகள் விநோதமாக நடந்துகொண்டால்: பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் பிறந்தால் ஆபீஸ் கேன்டீனில் பாதிப் பேச்சு மான் வேட்டைதான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். லைசென்ஸ் எடுத்து, 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருந்தால் பாதுகாப்பு வகுப்பும் முடித்துவிட்டுச் சட்டப்படியே காட்டுக்குள் போகலாம். (1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதனால் நம் ஆட்களுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.) இப்படி நண்பர்களோடு ஒட்டிக்கொண்டு போய் வருகிறவர்கள் சொல்லும் கதைகள் எப்போதும் ஒரே மாதிரி. "மான் என்னை முறைத்துக்கொண்டே காலை உதைத்தது, முட்ட வந்திருக்கும்." "ரக்கூன் (இரவில் இரை தேடும் சிறு விலங்கு) பட்டப்பகலில் வந்தது, வெறி பிடித்ததுதான்." "ஒரு மான் பயமே இல்லாமல் பக்கத்தில் நின்றது, பாவம், எவ்வளவு சாது!" இதில் முதல் இரண்டும் சாதாரணம். பயப்பட வேண்டியது மூன்றாவதுக்கு. இதைத்தான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முதலில் கால் உதைக்கும் மான். நீங்கள் பரணில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வெள்ளைவால் மான் உங்களை முழுசாகப் பார்க்கவில்லை, மோப்பமும் பிடிக்கவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று அதற்குத் தோன்றிவிட்டது. அப்போது ஒரு முன்னங்காலை மெதுவாகத் தூக்கி, ஒரு நொடி அந்தரத்தில் நிறுத்தி, தொப்பென்று தரையில் அடிக்கும். குளம்பின் பிளவுக்குள் ஒரு சுரப்பி இருக்கிறது, அதன் வாடை மண்ணில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் வரும் மான்களுக்கு அதுவே எச்சரிக்கை. சண்டைக்குக் கூப்பிடுவதல்ல இது, 'நீ யார், கொஞ்சம் அசைந்து காட்டு' என்கிற சோதனை. அடுத்து அது செய்வதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மேய்வதுபோலத் தலையைத் தாழ்த்தும், மூக்கு புல்லைத் தொடுவதற்குள் வெடுக்கென்று நிமிரும். குனிந்துவிட்டதே என்று நம்பி நீங்கள் துப்பாக்கியைத் தூக்கியிருந்தால் கதை முடிந்தது, வாலின் வெள்ளைப் பக்கத்தைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு சீறலோடு ஓடிவிடும். உண்மையிலேயே மேய்கிறதா என்பதற்குத் தாடையைப் பாருங்கள். மெல்லவில்லை என்றால் நாடகம். காதுகள் இரண்டும் உங்கள் பக்கமே நிமிர்ந்து நின்றால் அதுவும் நாடகம். வாலை லேசாக ஒருமுறை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கும்வரை அசையக் கூடாது.

இந்த முறைப்பைப் பார்த்துப் பயந்துபோய், ஆரஞ்சு கோட்டுதான் காட்டிக்கொடுக்கிறது என்று கழற்றி வைக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மான் கண்ணுக்கு ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். கோட்டு மானுக்காக அல்ல, அந்தப் பக்கம் இன்னொரு ரைஃபிளோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக.

இணைசேரும் பருவத்து ஆண் மானை நோயாளி என்று நினைப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவின் வடமாநிலங்களில் நவம்பரில் ஆண் மானின் நடவடிக்கை எதுவுமே அறிவோடு இருக்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்தபடி, மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, பட்டப்பகலில் திறந்த வயலைக் கடந்து நேராக உங்கள் மரத்தடிக்கே வரும். சாப்பாடு கிட்டத்தட்ட கிடையாது, அந்தச் சில வாரங்களில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையும். பெண் மான் சிறுநீர் விட்ட இடத்தில் நின்று மேலுதட்டைச் சுருட்டிப் பல்லிளிப்பதுபோல் நிற்கும். அது வலிப்பு அல்ல, அண்ணத்தில் உள்ள உறுப்புக்கு அந்த வாடையை இழுத்து அனுப்புகிறது. கழுத்து தடித்து, பின்னங்கால் முட்டியின் உள்பக்கம் கறுத்து நாறிக்கொண்டிருந்தால் அது ஆரோக்கியமான ஆண் மான்தான், காதல் மயக்கத்தில் இருக்கிறது, அவ்வளவே.

சரி, நிஜமான நோயாளி எப்படி இருக்கும்? விலா எலும்பு தெரியும், தலை தொங்கும், காது சாய்ந்திருக்கும், எச்சில் வழியும், கால்களை அகட்டி நிற்கும், நீங்கள் பக்கத்தில் போனாலும் ஓடாது. சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) என்கிற நோயின் கடைசிக் கட்டம் இது; பிரையான் எனப்படும் உருக்குலைந்த புரதத்தால் வருவது. 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வு மையத்தில் அடைத்து வளர்த்த மான்களில் முதன்முதலில் கவனித்தார்கள், விஸ்கான்சினில் 2002-இல் கண்டுபிடித்தார்கள். இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தள்ளாடும் மானைக் கண்டதும் சி.டபிள்யூ.டி. என்று தீர்ப்பு எழுதிவிடுவது ஒன்று. ஆண் மான்கள் கொம்பு மோதிக்கொள்ளும்போது மண்டைத்தோல் கிழிந்து, கிருமி உள்ளே போய் மூளையில் சீழ் கட்டினாலும் அது ஒரே இடத்தில் வட்டமடிக்கும், கண் தெரியாமல் மரத்தில் முட்டும். கார் அடித்துவிட்டுப் போன மானும் தள்ளாடும். ஆகஸ்ட், செப்டம்பரில் குளத்தோரம் செத்துக் கிடக்கும் மான்கள் பெரும்பாலும் இ.ஹெச்.டி. வைரஸால் சாகின்றன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கடிபூச்சிகள் பரப்பும் நோய் அது. காய்ச்சல் தாங்காமல் மான் தண்ணீரைத் தேடிப் போகும், நல்ல உறைபனி விழுந்து பூச்சிகள் செத்ததும் அந்த வருடத்து நோயும் அடங்கும், மனிதருக்கு வராது.

இரண்டாவது தவறு இதைவிட மோசம்: 'நான் சுட்டது கொழுகொழுவென்று துள்ளி ஓடியது, அதற்கு எந்த நோயும் இருக்காது' என்று நினைப்பது. சி.டபிள்யூ.டி. தொற்றி ஒரு வருடத்துக்கு மேல் எந்த அறிகுறியும் தெரியாது. சோதனையில் நோய் உறுதியாகும் மான்களில் பெரும்பாலானவை பார்வைக்கு நன்றாகவே இருந்தவை. நம் வழக்கப்படி இஞ்சி பூண்டு போட்டு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பிரையான் அழியாது. மனிதருக்கு இந்த நோய் வந்ததாக இதுவரை உறுதிசெய்யப்பட்டதில்லை, ஆனாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. விஸ்கான்சினில் சோதனை இலவசம், கழுத்து நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்ப்பார்கள். முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாகப் பெயர் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள், பக்கத்து வீட்டுக்குப் பங்கு கொடுப்பதெல்லாம் அப்புறம்.

நோயாளி மானைப் பார்த்தால் கிட்டே போகாமல், தூரத்திலிருந்தே வீடியோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநில இயற்கை வளத் துறைக்கு ஃபோன் பண்ணுங்கள். 'பாவம், கஷ்டப்படுகிறது' என்று கையில் டேக் (அந்த மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) இல்லாமல் சுட்டுவிட்டால் இரக்கம் காட்டியதற்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

சுட்ட பிறகு மான் நடந்துகொள்ளும் விதம்தான் ஆளை அதிகம் ஏமாற்றுவது. நுரையீரலில் குண்டு பட்ட மான் ஒன்றுமே நடக்காததுபோல் நூறு கெஜம் ஓடிப் போய் விழும். 'குறி தப்பிவிட்டது' என்று வீட்டுக்குக் கிளம்பினால் ஒரு மான் வீணாகச் செத்தது. ஓடியதோ ஓடவில்லையோ, அது நின்ற இடத்துக்குப் போய் முடி, ரத்தம் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். முதுகைக் கூன்போல் வளைத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனால் வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் படுத்த இடத்திலிருந்து எழுந்து மைல் கணக்கில் போகும், ஆறு மணி நேரமாவது விட்டுவிட்டால் பெரும்பாலும் முதலில் படுத்த இடத்திலேயே கிடக்கும். காத்திருப்பது கொடுமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேறு வழியில்லை. மாறாக, சுட்ட இடத்திலேயே சுருண்டு விழுந்த மானைத்தான் சந்தேகப்பட வேண்டும். குண்டு முதுகெலும்பின் மேல்முனையை உரசிப் போயிருந்தால் அதிர்ச்சியில் விழும், கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும், அந்த நேரத்தில் நீங்கள் கொம்பைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 2019 அக்டோபரில் ஆர்கன்சாவில் ஒரு வேட்டைக்காரர் செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போனபோது, தான் சுட்ட மானாலேயே தாக்கப்பட்டு இறந்துபோனார். எப்போதும் முதுகுப் பக்கமாகப் போங்கள், நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். செத்த மானின் கண் பொதுவாகத் திறந்தே இருக்கும். கண் மூடியிருந்தால் அப்படியே பின்வாங்கி, இன்னொரு குண்டுக்குத் தயாராகுங்கள்.

மற்ற விலங்குகளுக்கு வருவோம். காய்ந்த ஓக் இலையில் அணில் ஓடினால் பெரிய மான் வருவதுபோலவே கேட்கும், அதற்குப் பழகிக்கொள்வதைத் தவிர மருந்தில்லை. ஆனால் அதே அணில் ஒரு திசையைப் பார்த்து விடாமல் கத்தினால் அங்கே ஏதோ வருகிறது, திரும்பிப் பாருங்கள். கறுப்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும் சிக்கடீ என்ற சின்னப் பறவை அசையாமல் இருப்பவரின் துப்பாக்கிக் குழல் மேலேயே வந்து உட்காரும், தொப்பியிலும் உட்காரும். தெய்வ சகுனம் எதுவும் இல்லை, நீங்கள் நன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வடக்கே ரஃப்டு கிரவுஸ் என்ற காட்டுக்கோழி சில சமயம் மனிதர் பின்னாலேயே நடந்து வந்து பூட்ஸைக் கொத்தும். தன் எல்லையைக் காக்கிற கோபம் என்றுதான் பலரும் விளக்குகிறார்கள். பகலில் வரும் ரக்கூனுக்கு வெறி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பசித்தால் பகலிலும் இரை தேடும். நேராக நடக்க முடியாமல் இழுத்து இழுத்து வந்தாலோ, காரணமில்லாமல் எதையாவது கடித்துக்கொண்டிருந்தாலோதான் கவலை. ரேபிஸ் என்றால் நமக்கு நாய்தான் ஞாபகம் வரும், இங்கே அது ரக்கூன், ஸ்கங்க், நரி, வௌவாலில்தான் அதிகம்.

மேற்கு மாநிலங்களுக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. கூகர் (மலைச் சிங்கம் என்கிற பெரிய பூனையினம்) உங்கள் பின்னாலேயே வந்து, பாய்வதுபோல் பாய்ந்து நின்றால் பக்கத்தில் குட்டி இருக்கலாம். 2020 அக்டோபரில் யூட்டாவின் புரோவோ அருகே ஓட்டப்பயிற்சிக்குப் போன ஒருவரைத் தாய்க் கூகர் ஆறு நிமிடம் இப்படித்தான் பின்தொடர்ந்தது. அவர் முதுகு காட்டி ஓடாமல், சத்தம் போட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்தார், அதுதான் சரி. இரண்டாவது, வயோமிங், மொன்டானா பக்கம் சுட்டுவிட்டு இரவில் விட்டுவந்த மானைக் காலையில் எடுக்கப் போனால் அதன் மேல் மண்ணும் இலையும் குவிந்திருக்கலாம். யாரோ மூடி வைத்திருக்கிறார்கள் என்று கிட்டே போகாதீர்கள். கிரிஸ்லி கரடி தன் சொத்தாக்கிவிட்டது, அதுவும் பெரும்பாலும் அருகிலேயே படுத்திருக்கும். மானை மறந்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள்.

கேமராவில் மான் எலும்பு மெல்வதைப் பார்த்துவிட்டு நோய் என்று அலறுகிறவர்களுக்கு: மான் எலும்பைக் கடிக்கும், பறவைக்குஞ்சைக்கூடத் தின்னும். கால்சியம், பாஸ்பரஸ் போதாதபோது செய்கிற வேலை. டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தடயவியல் ஆய்வுத் திடலில் (மனித உடல்கள் சிதைவதை ஆராயும் இடம்) 2015-இல் ஒரு மான் மனித விலா எலும்பை மென்றதே கேமராவில் பதிவாகியிருக்கிறது. டெக்சஸ் என்றதும் இன்னொன்று. 1930-களில் அங்கே கொண்டுபோய் விட்ட நம் புள்ளிமான் இன்று காட்டில் பெருகிக் கிடக்கிறது. வருடம் முழுக்க இனப்பெருக்கம் செய்யும், கோடையில்தான் ஆண் மான்களின் கத்தல் உச்சத்தில் இருக்கும். மேலே நவம்பர் பற்றிச் சொன்ன எதையும் அதனிடம் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, கொம்பு சிக்கிக்கொண்ட இரண்டு ஆண் மான்கள். சில சமயம் ஒன்று செத்துப்போய், மற்றது அந்தச் சடலத்தை இழுத்துக்கொண்டே திரியும். இணையத்தில் ரம்பத்தோடு போய் விடுவிக்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, விடுவித்த அடுத்த நொடியே மான் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வார்டனின் (வேட்டைச் சட்டங்களைக் கவனிக்கும் அதிகாரி) எண்ணைக் காட்டுக்குள் போகும் முன்பே ஃபோனில் பதிந்து வையுங்கள், உள்ளே பல இடங்களில் அதைத் தேடி எடுக்க சிக்னல் இருக்காது.