மியூவான் பலகையை காலிப்ரேட் செய்வது: எந்த வோல்ட்டில் நிறுத்துவது?

மியூவான் என்பது வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள். அது பாய்ந்தால் மின்னும் பிளாஸ்டிக் பலகைதான் சின்டிலேட்டர், அந்த ஒளியை மின்துடிப்பாக்கிப் பெருக்கும் குழாய் பி.எம்.டி. சின்டிலேட்டரில் பி.எம்.டி. ஒட்டி, கறுப்புத்தாள் சுற்றியாச்சு என்று வைத்துக்கொண்டு தொடங்கலாமுங்க. மூன்று பலகை வேண்டும்: சோதிக்கவேண்டியது 20×20 செ.மீ., அதற்கு மேலும் கீழும் 10×10 செ.மீ. சின்னது இரண்டு. சின்ன பலகைகளுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி.

1. அறை விளக்கைப் போட்டும் அணைத்தும் எண்ணிப் பாருங்க. வித்தியாசம் வந்தால் ஒளி கசிகிறது. பெரும்பாலும் பி.எம்.டி. கழுத்திலும் கேபிள் ஓட்டையிலும்தான். ஈரோட்டு வெயிலில் இன்சுலேஷன் டேப் பசை இளகிவிடும். மேலே கறுப்புத்துணி ஒரு சுற்று போடுங்க.

2. டிஸ்கிரிமினேட்டரை (வைத்த அளவைத் தாண்டிய துடிப்பை மட்டும் எண்ணவிடும் கருவி) 30 மில்லிவோல்ட்டில் வைத்துவிட்டு அதைத் தொடாதீங்க. இனி பி.எம்.டி.க்குக் கொடுக்கும் ஹைவோல்டேஜ் மட்டும் ஐம்பது ஐம்பது வோல்ட்டாக ஏறட்டும், தரவுத்தாள் சொல்லும் உச்சம் வரை மட்டும்.

புதியவர்கள் சிக்குவது இங்கேதான். ஒற்றைப் பலகையின் எண்ணிக்கையைப் பார்த்து வோல்ட் முடிவு செய்ய முடியாது. பி.எம்.டி.யின் பெருக்கம் வோல்ட்டின் ஏழாம் அடுக்கையொட்டிப் போகும். 5 சதவீதம் ஏற்றினால் 40 சதவீதம் கூடும். கூடவே இரைச்சலும் சுற்றுப்புறக் காமா கதிரின் எண்ணிக்கையும் ஏறும், எண்ணிக்கை எங்கேயும் சமதளத்துக்கு வராது.

அதனால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் அடித்தவற்றை எண்ணுங்க. அவற்றில் நடுப்பலகையும் அடித்தது எத்தனை? அந்த விகிதம்தான் திறன். வோல்ட் ஏற ஏற அது 95 சதவீதத்துக்கு மேல் போய்த் தட்டையாகும். தட்டையான இடத்துக்குள் 50 வோல்ட் தள்ளி நிறுத்துங்க. இந்த அமைப்பில் நிமிடத்துக்கு 30 மியூவான் போலக் கிடைக்கும். ஒரு புள்ளிக்கு 1000 சேர்க்க அரைமணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் தட்டை எது, ஏற்றம் எது என்று தெரியாது.

திறன் 70 சதவீதத்திலேயே நிற்கிறதா? நடுப்பலகையைக் குறை சொல்வதற்கு முன் சின்ன பலகைகளைப் பாருங்க. இரண்டும் நொடிக்கு 1000 அடித்து, துடிப்பு 100 நானோநொடி அகலம் என்றால், தற்செயலாகச் சேர்வதே நிமிடத்துக்கு 12 வரும். உண்மையான 30ஓடு அந்த 12 கலந்தால், குறையே இல்லாத பலகையும் 71 சதவீதம்தான் காட்டும். சின்னவற்றை நொடிக்கு 100க்குக் கொண்டுவந்தால் தற்செயல் நூறில் ஒரு பங்காகிவிடும்.

3. அடுத்து துடிப்பின் அளவு. முதலில் துகள் எதுவும் அடிக்காத ஏதோ ஒரு கணத்தில் பதிவைத் தொடங்கி (ட்ரிகர்), வெறுமையிலேயே கருவி காட்டும் அளவை (பெடஸ்டல்) எடுத்துக் கழியுங்க. பிறகு மூன்றும் சேர்ந்து அடித்தபோது நடுப்பலகை தந்த துடிப்பளவு எது எத்தனை முறை வந்தது என்று வரைந்தால், வலப்பக்கம் நீண்ட வாலோடு ஒரு முகடு வரும். சராசரியை எடுக்காதீங்க, வால் இழுத்துவிடும், முகடுதான் கணக்கு. 1 செ.மீ. பிளாஸ்டிக்குக்கு அது ஏறத்தாழ 2 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றல். அளவுக்கு ஒப்பிட சீசியம் கதிர்வீச்சுப் பொருளைத் தேடி அலைய வேண்டாமுங்க: பிளாஸ்டிக்கில் அதன் முழு ஆற்றல் முகடே தெரியாது, காமா தன் ஆற்றலில் ஒரு பங்கை மட்டும் விட்டுப்போவதன் உச்ச எல்லையான காம்ப்டன் விளிம்புதான் கிடைக்கும்.

கோயமுத்தூரிலிருந்து ஊட்டிக்கு, 2200 மீட்டர் உயரத்துக்கு எடுத்துப்போனால் எண்ணிக்கை ஏறும், முகடு நகரக்கூடாது. நகர்ந்தால் வெப்பநிலையைப் பாருங்க.

பிற்சேர்க்கை: சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு அருகில் வைத்தவர்களுக்கு மூன்றும் சேர்ந்தே அடிக்கும் பொய் எண்ணிக்கை வரலாம். மோட்டார் இரைச்சல் எல்லா கேபிளிலும் ஒரே கணத்தில் ஏறுவதால் ஒரே நேரத்தில் அடித்ததை மட்டும் எண்ணும் முறை (கோஇன்சிடன்ஸ்) அதை வடிகட்டாது. ஹைவோல்டேஜை அணைத்துவிட்டு எண்ணுங்க; அப்போதும் வந்தால் அது மியூவான் இல்லை. எர்த்தை ஒரே புள்ளியில் சேருங்க. இன்வெர்ட்டர் வாங்கினால் சைன்வேவ் வகைதான். ஸ்கொயர்வேவ் மலிவுதான், ஆனால் அதுவே ஒரு இரைச்சல் மூலம்.