வெள்ளத்துக்கு முன் ஆடுமாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்கள் 2006 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மார்ச் வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) ஆகாத ஆற்றோரப் பள்ளத்தில்தானே நமக்குக் கொட்டகை போட இடம் கிடைக்கிறது! புதிதாக நான்கு ஆடோ இரண்டு மாடோ வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு கம்பு நடுவது. கொட்டகை வாசலில் நடாதீர்கள். மேட்டுக்குப் போகும் பாதையில் எந்த இடம் மிகவும் தாழ்வோ, அங்கே நடுங்கள். பல தோட்டங்களில் அது கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் உள்ள செம்மண் தடமாக இருக்கும். கொட்டகைக்குள் தண்ணீர் நுழையும்போது அந்தத் தடம் எப்போதோ மூழ்கியிருக்கும். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். கம்பில் கணுக்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள், டார்ச் ஒளியில் தெரியும். தண்ணீர் அதைத் தொட்டால் நள்ளிரவானாலும் புறப்பட வேண்டும். முழங்கால் உயரத்தில் இன்னொரு கோடு. அதைத் தாண்டினால் ஆடுகளை நடத்திப் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நம் தலைக்குமேல் வெயில் காய்ந்தாலும் மேலாற்றில் பெய்த மழை இங்கே வந்து சேரும். அதனால் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் ஆற்று மட்டத்தையும் பாருங்கள். ‘வஸ்பாடா’ (விழிப்பு நிலை) என்றால் மூட்டை கட்டுங்கள். ‘அமாரான்’ (எச்சரிக்கை நிலை) என்றால் கிளம்புங்கள். ‘பஹாயா’ (அபாய நிலை) வரை காத்திருப்பது வீண் துணிச்சல்.

போகும் இடத்தைத் தீபாவளி முடிந்த கையோடு பேசி வையுங்கள். கோயில் திடலோ பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) மேடோ, எதுவானாலும் தோட்ட மேனேஜரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். மூன்று நாள் தீனியும் நல்ல தண்ணீரும் அங்கே இருக்க வேண்டும். பெரிய மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டராவது கணக்கு வையுங்கள்.

அடுத்து, கயிறு. நார்க்கயிறு நனைந்தால் முடிச்சு கல்லாக இறுகிவிடும். ஒரு வருடம் இருட்டில் என் செவலைப் பசுவின் முடிச்சோடு மல்லுக்கட்டி நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அண்ணன் பாராங் கத்தியோடு ஓடிவந்து ஒரே வெட்டாக வெட்டினார். மழைக்காலம் முழுவதும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கொட்டகைத் தூணில் ஒரு கத்தியும் தொங்கட்டும்.

கன்றை முன்னால் கொண்டுபோங்கள், தாய் தானாகப் பின்னால் வரும். நேரமே இல்லையென்றால் எல்லாவற்றையும் அவிழ்த்து, கதவைத் திறந்துவிட்டு நீங்கள் ஏறிவிடுங்கள். மாடு நீந்தும், கட்டிக் கிடந்தால் என்ன செய்யும்?

தண்ணீர் வடிந்ததும் சேறு படிந்த புல்லில் மேய்க்காதீர்கள். நனைந்த செம்பனைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடிக்கும், மனம் வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள். எலிக்காய்ச்சல் பயம் உண்டு, பூட்ஸ் இல்லாமல் கொட்டகையைக் கழுவ வேண்டாம். மாட்டுக்குக் காய்ச்சலும் தொண்டை வீக்கமும் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சேற்றில் நின்று குளம்பு அழுகத் தொடங்கிய மாடுகளுக்கு, 100 லிட்டர் தண்ணீரில் 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து, கழுவிய கால்களை அதில் நனையவிடலாம். வேலை முடியும்வரை தொட்டியருகிலேயே நில்லுங்கள்; தாகத்தில் மாடு அதைக் குடித்துவிட்டால் விஷம்.