கம்யூனிட்டி கல்லூரியில் நர்சிங்: விண்ணப்பத்துக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் ஆர்என் எனப்படும் பதிவுபெற்ற செவிலியராக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பிஎஸ்என் பட்டம் படிக்கலாம், அல்லது கம்யூனிட்டி கல்லூரியில் ஏடிஎன் என்னும் அசோசியேட் பட்டம் படிக்கலாம். எதை முடித்தாலும் எழுத வேண்டிய உரிமத் தேர்வு ஒன்றுதான்: என்க்ளெக்ஸ்-ஆர்என். உள்ளூர்வாசிகளுக்குக் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்குச் சராசரியாக 4,000 டாலர் அளவில் முடிந்துவிடுவதால், ஏடிஎன் இடங்களுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் "இனி நமக்கென்று ஒரு வேலை" என்று யோசிக்கும் நம் ஊர்ப் பட்டதாரிகள் பலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இடம் கிடைக்காமல் போகிறவர்கள் எல்லாரும் படிப்பில் சோடை போனவர்கள் அல்லர். விண்ணப்பம் திறப்பதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே எடுத்த ஏதோ ஒரு முடிவு அவர்களில் பலரைக் கவிழ்த்திருக்கும். கல்லூரியே தன் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கும் தேர்வு விதிகளைப் பொறுமையாகப் படித்திருந்தால் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வைப் பார்த்து வளர்ந்தவர்களின் முதல் கேள்வி "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கும். இங்கே பொதுக் கலந்தாய்வு கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தன் மாநிலச் சட்டத்துக்குள் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. சில கல்லூரிகள் புள்ளி முறையில் எடுக்கின்றன: அறிவியல் பாட மதிப்பெண், நுழைவுத் தேர்வு, முந்தைய பட்டம், மருத்துவமனை அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. சில கல்லூரிகள் குறைந்தபட்சத் தகுதி உள்ள எல்லார் பெயரையும் போட்டுக் குலுக்குகின்றன. சில காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கின்றன. குலுக்கல் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர், பி கிரேடை ஏ ஆக்குவதற்காக ஒரு பருவம் முழுக்கச் செலவழிப்பது வீண். புள்ளி முறைக் கல்லூரியில் அதே பி அவரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிடலாம். ஆகவே எட்டும் தூரத்தில் உள்ள மூன்று, நான்கு கல்லூரிகளின் தேர்வு விதிகளை முதலில் அருகருகே வைத்துப் படியுங்கள். பாடங்களுக்குப் பெயர் கொடுப்பதெல்லாம் அதன் பிறகுதான்.

அப்படிப் படித்தால் சில நல்ல செய்திகளும் கண்ணில் படும். கலிபோர்னியாவின் கல்விச் சட்டம், பல அளவுகோல் முறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு ஆங்கிலம் அல்லாத மொழித் திறனையும் ஓர் அளவுகோலாகத் தருகிறது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் மொழிகளில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளும் உண்டு. தமிழ் பேசத் தெரிந்தும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒரு புள்ளிக்கு ஏங்குவது என்ன கணக்கோ தெரியவில்லை. எந்தச் சான்று வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பழைய மதிப்பெண் சான்றிதழ்

அதிக ஏமாற்றம் இங்கேதான். நர்சிங் வகுப்பில் சேருமுன் முடிக்க வேண்டிய பாடங்கள் உண்டு: உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆய்வகத்தோடு இரண்டு பருவம், மைக்ரோபயாலஜி, ஆங்கிலக் கட்டுரை, உளவியல், பெரும்பாலும் புள்ளியியல். "நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, எனக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று நினைப்பவர்கள், சான்றிதழைப் பாடவாரியாக மதிப்பிடப் பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் "வெளிநாட்டு அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை" என்ற பதிலைப் பெறுகிறார்கள். ஏற்கும் கல்லூரியிலும் அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வரலாம். ஆங்கில வழியில் படித்தவர்களையும் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. முதலில் கல்லூரி ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது அடுத்த வேலை. வாய்மொழியாக ஒருவர் சொன்னதை ஆறு மாதம் கழித்து இன்னோர் ஆலோசகர் மறுத்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

அந்தக் காலவரம்பு விதி மறுபக்கமும் வெட்டும். அவசரப்பட்டு உடற்கூறியலை முதலில் முடித்துவிட்டு, குழந்தைப்பேறு, ஊர் மாற்றம் என்று இடைவெளி விட்டால், விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்தப் பாடம் காலாவதியாகியிருக்கும். பொதுப் பாடங்களை முதலிலும் அறிவியல் பாடங்களை விண்ணப்பத்தை ஒட்டியும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரு பாடத்தைத் திரும்பப் படிப்பதற்கான வரம்பு இன்னும் கடுமையானது. அறிவியல் பாடத்தை ஒரு முறைக்கு மேல் திரும்பப் படிக்கப் பல கல்லூரிகள் விடுவதில்லை. பாதியில் விலகியதைக்கூட ஒரு முயற்சியாக எண்ணும் இடங்கள் உண்டு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உடற்கூறியலையும் மைக்ரோபயாலஜியையும் ஒரே பருவத்தில் எடுப்பது துணிச்சல் போலத் தெரியும். நான் அதை அவசரம் என்றே சொல்வேன். ஒரு பருவம் தாமதமானால் ஆறு மாதம்தான் போகும். ஒரு சி கிரேடு சில கல்லூரிகளின் கதவையே மூடிவிடும்.

இந்தியாவிலேயே பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜிஎன்எம் என்னும் செவிலியர் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் இந்த வரிசையில் நிற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ட்ரூமெரிட் (முன்பு சிஜிஎஃப்என்எஸ்) போன்ற அமைப்பின் வழியாகச் சான்றிதழை மதிப்பிடச் செய்து, மாநிலச் செவிலியர் வாரியத்திடம் விண்ணப்பித்து, என்க்ளெக்ஸ் எழுதலாம். படித்ததில் ஏதாவது குறை என்று வாரியம் சொன்னால், அந்தக் குறையை மட்டும் நிரப்பும் பாடங்களைத் தேடினால் போதும். வேறு துறையில் இளநிலைப் பட்டம் வைத்திருப்பவர்களும் ஒன்றை விசாரிக்க வேண்டும்: 12 முதல் 18 மாதங்களில் முடியும் துரித பிஎஸ்என் படிப்பு. செலவு பல மடங்கு. ஆனால் காலம் மிச்சம். முதல் பட்டம் இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும் பெல் கிராண்ட் என்னும் அரசு உதவித்தொகை பொதுவாகக் கிடைக்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விசாவை மறந்துவிட்டுப் படிப்பது

எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவர் கல்லூரியில் படிக்கலாம். வேலை பார்க்க இஏடி என்னும் வேலை அனுமதி அட்டை வேண்டும். எச்-1பி வைத்திருக்கும் துணைக்காக நிறுவனம் போட்ட ஐ-140 என்னும் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருப்பது போன்ற நிலைகளில்தான் அதைக் கேட்க முடியும். 2015 முதல் இருக்கும் ஏற்பாடு இது. பட்டம் வாங்கிய பிறகு எச்-1பி எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் பெரும்பாலும் நடக்காது. எச்-1பி வேலைக்குக் குறைந்தது இளநிலைப் பட்டம் தேவை என்று இருக்க வேண்டும். ஏடிஎன் போதும் என்னும் சாதாரண ஆர்என் பணி அதில் அடங்காது. உரிம விண்ணப்பத்துக்கும் மருத்துவமனைப் பயிற்சியின் பின்னணிச் சரிபார்ப்புக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் இடங்களும் உண்டு. உரிமத்துக்குக் கலிபோர்னியா ஐடிஐஎன் என்னும் வரி அடையாள எண்ணையும் ஏற்கிறது. இவற்றைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூன்று, நான்கு ஆண்டு உழைப்புக்கு முன் அந்தச் செலவு ஒன்றுமில்லை.

நுழைவுத் தேர்வு

ஒரு கல்லூரி டீஸ் தேர்வைக் கேட்கும், பக்கத்துக் கல்லூரி ஹெசி ஏ2 கேட்கும். எது என்று பார்க்காமலேயே புத்தகம் வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டீஸ் தேர்வில் 170 கேள்விகள், 209 நிமிடங்கள். வாசிப்பு, கணிதம், அறிவியல், ஆங்கிலம் என நான்கு பகுதிகள். நம்மவர்கள் கணிதத்தில் தெம்பாக இருப்பார்கள். அங்கே வழுக்குவது அலகுகளில்: அவுன்ஸ், பவுண்டு, கப், குவார்ட், அங்குலம். ஆங்கிலப் பகுதியில் 37 கேள்விக்கு 37 நிமிடம்தான்; காற்புள்ளி, அரைப்புள்ளி, எழுவாய்–பயனிலை இயைபு என்று பள்ளியில் படித்து மறந்ததையெல்லாம் கேட்பார்கள். அறிவியல் பகுதியில் மனித உடலைப் பற்றிய கேள்விகளே அதிகம் என்பதால், உடற்கூறியல் வகுப்பை முடித்த சூட்டோடு தேர்வை எழுதுவது நல்லது. "முதலில் சும்மா ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன்" என்பது ஆபத்தான பேச்சு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முதல் முயற்சியின் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. ஒத்திகைக்கு மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன.

இடம் கிடைக்காத விரக்தியில் "நுழைவுத் தேர்வு இல்லை, உடனே சேரலாம்" என்று விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்களிடம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2023 ஜனவரியில் புளோரிடாவில் வெளிவந்த கூட்டரசு வழக்கில், 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. எந்தக் கல்லூரியானாலும் மாநிலச் செவிலியர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, ஏசிஇஎன் போன்ற தர அமைப்பின் சான்று இருக்கிறதா என்று அந்தந்த அமைப்பின் தளத்திலேயே பாருங்கள். தரச்சான்று இல்லாவிட்டால் பின்னாளில் பிஎஸ்என் சேரும்போது தடை வரலாம். என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்து மயங்குவதும் தவறு. நூறு பேர் சேர்ந்து ஐம்பது பேர் மட்டும் முடித்திருந்தால், அந்த ஐம்பது பேரின் தேர்ச்சி விகிதம் அழகாகத்தான் இருக்கும். குறித்த காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

இடம் கிடைத்த பிறகு

சேர்க்கைக் கடிதம் வந்ததும் இனிப்பு கொடுக்கிறோம். கடிதத்தோடு வந்த ஆவணப் பட்டியலை இரண்டு வாரம் கழித்துத்தான் திறக்கிறோம். அதில் ஒரு தேதி தவறினாலும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசிக்கு நம்மில் பலரிடம் காகிதம் இருக்காது. தட்டம்மை, சின்னம்மை எதிர்ப்புச் சக்தியை ரத்தப் பரிசோதனையில் காட்டலாம். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும். விண்ணப்பம் போட்ட வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். காசநோய்ச் சோதனையில் இன்னொரு சிக்கல். பிறந்தவுடன் பிசிஜி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய்த்தொற்று இல்லாவிட்டாலும் அது இருப்பதாகக் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல்தான். ஐஜிஆர்ஏ என்னும் ரத்தப் பரிசோதனையை பிசிஜி குழப்புவதில்லை. அதையே கேட்டு வாங்குங்கள்.

போதைப்பொருள் சோதனை என்றதும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். குருமாவில் அரைத்துவிடும் கசகசா, அபின் செடியின் விதைதான். அதைத் தின்றவர்களின் சிறுநீரில் மார்பின் தென்படலாம். அமெரிக்க அரசு 1998-ல் பணியிடச் சோதனையின் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தியதற்குக் கசகசா ஒரு முக்கியக் காரணம். பழைய வரம்பையே வைத்திருக்கும் ஆய்வகங்கள் இன்னும் உண்டு. 2023-ல் அமெரிக்க ராணுவமே தன் வீரர்களைக் கசகசாவைத் தவிர்க்கச் சொன்னது. சோதனைக்கு முந்தைய ஒரு வாரம் தேங்காயும் முந்திரியும் போட்டுக் குருமா வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம். கஞ்சா, மாநிலச் சட்டப்படி குற்றமில்லாத இடத்திலும் சோதனையில் பிடிபட்டால் இடம் போகும்.

உயிர்காப்புப் பயிற்சிச் சான்றில் பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பிஎல்எஸ் அட்டை. முழுக்க இணையத்திலேயே முடியும் மலிவான வகுப்பில் வாங்கிய சான்றை ஏற்க மாட்டார்கள்.

வகுப்பு தொடங்குமுன் தடித்த நர்சிங் புத்தகங்களை மனப்பாடம் செய்வது பயன் தராது. மருந்தளவுக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். பல கல்லூரிகளில் அந்தத் தேர்வில் 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். பாடத் தேர்ச்சிக்கு 75 அல்லது 78 என்று வைத்திருப்பார்கள், 74.9 எடுத்தவருக்கு முழு எண்ணாக்கித் தரும் வழக்கம் பல இடங்களில் இல்லை. கேள்விகளும் நமக்குப் பழகிய வகை அல்ல. நான்கு விடையும் சரியாக இருக்கும், முதலில் எதைச் செய்வீர்கள் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்து முதல் மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள் முதல் பருவத்தில் திணறுவது இங்கேதான்.

பயிற்சி நாள்களில் காலை ஏழு மணிக்கு முன்பே வார்டில் நிற்க வேண்டியிருக்கும். மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்கூட இருக்கலாம். குழந்தைக் காப்பகங்கள் பல அந்த நேரத்தில் திறப்பதில்லை. யார் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, யாரிடம் கார் இருக்கும் என்பதைக் கணவன் மனைவி இருவரும் முதல் பருவக் கட்டணம் கட்டுமுன்பே பேசி முடித்துவிடுங்கள்.