வன்னிக் காட்டில் நடந்து குகைப்பாறை பார்த்துத் திரும்புவது எப்படி

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிப் பகுதியின் காட்டைத் தண்ணீரை வைத்துத்தான் படிக்க வேண்டும். மிருகம் எங்கே நிற்கும், எந்த மாதம் போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், வழி தவறினால் எந்தப் பக்கம் நடப்பது என்று எதைக் கேட்டாலும் விடை குளத்திலும் மழையிலும்தான் கிடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதலில் எங்கே நடக்கலாம் என்பது. தேசிய பூங்கா என்றால் இறங்கி நடக்கலாம் என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். இங்கே நிலைமை அப்படி இல்லை. 1938இல் தேசிய பூங்காவான வில்பத்துக்குள் ஜீப்பில்தான் போகலாம். குறித்த சில இடங்களில் மட்டும்தான் இறங்கலாம். காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள். வவுனியாப் பக்கமிருந்து போவோர் அனுராதபுரம் வந்து, புத்தளம் வீதியில் ஏறி, ஹுனுவிலகம வாசலுக்குத் திரும்ப வேண்டும். அரைநாள் ஜீப் எடுத்தால் பாதி நேரம் ஓட்டத்திலேயே போய்விடும்: பூங்கா 1,300 சதுரக் கிலோமீற்றருக்கு மேல். முழுநாளுக்குப் பேசுங்கள். சாரதியிடம் ‘சிறுத்தையைத் தேடி ஓட வேண்டாம், ஒரு வில்லுக்கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இருப்போம்’ என்று முதலே சொல்லிவிடுங்கள். வில்லு என்பது மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளம். வெயில் காலத்தில் தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் புல் முளைக்கும். புல்லுக்கு மான் வரும். மானுக்குச் சிறுத்தை வரும். துரத்தியவரைவிடக் காத்திருந்தவரே கூடுதலாகப் பார்த்திருக்கிறார்.

மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசிய பூங்காக்களாயின. சுண்டிக்குளம் கனகராயன் ஆறு முதலிய ஆறுகள் வந்து சேரும் களப்பு. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வலசைப் பறவைகளுக்கு அதைப்போல ஓர் இடம் இல்லை, பூநாரையும் வரும். உள்ளே நடக்க நினைத்தால் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு, அனுமதியோடு மட்டும். தடையில்லாமல் காலாற நடந்து பறவை பார்க்க விரும்புவோருக்கு மன்னார் கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டே போதும்.

குகைகள் வேறு கதை. வன்னியில் மலை என்று நாம் சொல்வது காட்டின் நடுவே எழும்பி நிற்கும் பாறைத் தொகுதியைத்தான். குகையும் பெரும்பாலும் ஒரு பெரிய பாறைக்கு அடியில் சில மீற்றர் ஆழமுள்ள ஒதுக்கிடமே. சுரங்கம்போல உள்ளே போகாது. இப்பாறைகள் சில வன இலாகாவின் ஒதுக்குக் காட்டிலும் சில தொல்பொருள் எல்லைக்குள்ளும் இருக்கின்றன. கிராம சேவகரிடம் கேட்டால் எது யாருடைய பொறுப்பில் என்று சொல்வார். எழுத்தில் அனுமதி பெற்றுக் கையில் வைத்திருங்கள். காட்டுக்குள் கத்தியோடு நிற்பவரை வேட்டைக்காரர் என்றே அதிகாரிகள் முதலில் நினைப்பார்கள்.

எந்த மாதம்? வாடைக் காற்றோடு வரும் மழை கார்த்திகை, மார்கழியில் உச்சம். அப்போது காட்டுப் பாதை சேறு, பாறை பாசி. மாசி, பங்குனியில் காடு பசுமையாக இருக்கும், தண்ணீரும் இருக்கும். நடக்க நல்ல காலம். ஆனால் காலபோக வெள்ளாமை விளைந்து நிற்பதால் யானை இரவில் வயலுக்கு வரும். வயலோரப் பாதையில் விடியுமுன் நடக்கக் கூடாது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் வைகாசி தொடங்கி ஆவணி வரை காடு காய்ந்து, பார்வை தூரம் போகும். மிருகங்கள் மிஞ்சிய தண்ணீரைச் சுற்றியே நிற்கும். பார்க்க நல்லது, நடக்கக் கடினம். அதோடு வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். பாலை மரத்தடிக்குக் கரடி வரும். பழம் தின்னும் கரடிக்கு வேறு எதிலும் கவனம் இராது. கிட்டப் போன பிறகுதான் நம்மைக் காணும், கண்டதும் பாயும். அந்த இரண்டு மாதமும் பாலை நிறைந்த காட்டில் நடப்பதைத் தவிர்ப்பதே எங்கள் முடிவான ஆலோசனை.

ஆட்கள் நாலு பேர். இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் உதவி தேடிப் போக, அடிபட்டவர் தனித்துவிடுவார். பத்துப் பேர் என்றால் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. நாலு பேரில் ஒருவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். பட்டி மாடு மேய்ப்பவரும் தேன் எடுப்பவரும் நேற்று யானை எந்த அலைகரையில், அதாவது கட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் குளத்தோரத்தில், நின்றது என்பது வரை அறிவார்கள். அவர் தன் ஒரு நாள் உழைப்பை விட்டு வருகிறார். அந்தக் கூலியை முதல் நாளே பேசி, குறையாமல் கொடுங்கள். அவர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் வாதாடாமல் திரும்புங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 4 லீற்றர். வெயிலில் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புத்தூளான ஜீவனி 2 பைக்கற். ஒரு பைக்கற்றை 1 லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், வாய்க்கு ருசியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பயனில்லை. கணுக்காலை மூடும் சப்பாத்து, நீளக் காற்சட்டை, அதை உள்ளே விட்டு இழுத்துவிட்ட நீள மேசு. செருப்போடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்; சூரை முள்ளும் காரை முள்ளும் இரக்கம் பார்ப்பதில்லை. மண் நிறம் அல்லது மங்கிய பச்சை உடை நல்லது. இராணுவப் புள்ளித் துணி கூடவே கூடாது. ஆளுக்கு ஒரு டோர்ச்சும் கூட்டத்துக்கு ஒரு மேலதிக டோர்ச்சும், விசில், 5 மீற்றர் நூல், அகலமான பண்டேஜ் இரண்டு, முகக்கவசம், முழு சார்ஜில் போனும் பவர் பேங்கும். சாப்பாட்டுக்குச் சோற்றுப் பொதியைவிட வறுத்த கச்சான், எள்ளுருண்டை, பனங்கட்டி மேல்: கெடாது, குப்பையும் குறைவு. வாழைப்பழமும் மாம்பழமும் பையில் வேண்டாம். யானைக்கு அந்த மணம் வெகு தூரம் போகும்.

காலை ஆறரைக்கு, நிலம் தெளிவாகத் தெரியத் தொடங்கிய பின் புறப்படுங்கள். பற்றைக் காட்டில் மணிக்கு 2 கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். எனவே பாறை 4 கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில் இருந்தால் அது ஒரு நாள் பயணம் அல்ல. எங்கே நின்றாலும் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குமேல் யானைகள் நிழலை விட்டுக் குளத்துக்கு இறங்கும், உங்கள் பாதையும் பெரும்பாலும் குளத்தைத் தொட்டே போகும். பலருக்குத் தவறுவது இந்தக் கணக்குத்தான்: போகும்போது ஆறுதலாகப் படம் எடுத்துவிட்டு, வரும்போது அந்திக்குள் அலைகரையில் மாட்டுப்படுவது.

நடக்கும்போது நிலத்தைப் பாருங்கள். யானை லத்தி வெளியே ஈரமாக மினுங்கி, பிரித்தால் உள்ளே சூடாக இருந்தால் அது இப்போதுதான் போயிருக்கிறது. வெளியே காய்ந்து உள்ளே ஈரமென்றால் சில மணி நேரம் ஆகியிருக்கும். கறையான் ஏறியிருந்தால் பழசு. ஒடித்த கிளையின் இலை வாடாமலிருந்தால் நின்று காற்றைப் பாருங்கள்: ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தூவினால் திசை தெரியும். காற்று உங்கள் முதுகிலிருந்து முன்னே போகிறதென்றால் யானைக்கு உங்கள் மணம் போய்விட்டது. விலகிச் சுற்றிப் போங்கள். முன்னங்காலடித் தடத்தைச் சுற்றி நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வரும். தடத்தின் சுற்றளவு 130 சென்றிமீற்றர் என்றால் எட்டரை அடி யானை. தனித்த பெரிய தடமென்றால் கொம்பன் இல்லாவிட்டாலும் ஆண் யானை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் மதநீர் கறுத்து வழியும் ஆண் யானையைக் கண்டால் அன்றைய நடை முடிந்தது.

யானைக்கும் கரடிக்கும் ஒரே முறை சரிவராது, இதில்தான் குழப்பம். திறந்த வெளியில், குளக்கரையில், யானை தெரியும் தூரத்தில் வாய் திறக்காமல், காற்று யானையிடமிருந்து உங்கள் பக்கம் வீசும்படி பின்வாங்குங்கள். பார்வை மறையும் பற்றைக்குள்ளும் பாறையை நெருங்கும்போதும் சாதாரணக் குரலில் கதைத்துக்கொண்டே, இடையிடையே கைதட்டி நடவுங்கள். கரடி நம்மைத் தேடி வருவதில்லை, திடுக்கிட்டால்தான் பாய்கிறது. கிண்டிய புற்று, மரத்தில் நகக்கீறல், பாலை விதை நிறைந்த எச்சம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குரலைக் கூட்டுங்கள். கரடி எதிரே நின்றால் ஓடாமல், அதைப் பார்த்தபடி மெல்லப் பின்னால் போங்கள். பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து முகத்தை மண்ணில் வைத்து, இரு கைகளாலும் பிடரியைப் பொத்துங்கள். கரடி கிழிப்பது முகத்தையும் தலையையும்தான். யானை துரத்தினால் நேர்கோட்டில் ஓடி யாரும் வென்றதில்லை. பையை எறிந்துவிட்டுப் பெரிய பாறை, முதிர்ந்த மருது போன்ற எதையாவது இடையில் வையுங்கள்.

இனிக் குகை. நேரே வாசலுக்குப் போகாதீர்கள். இருபது மீற்றர் தூரத்தில், வாசலுக்கு நேரே அல்லாமல் பக்கவாட்டில் நின்று கைதட்டிப் பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே இருப்பது வெளியேற வழி விட வேண்டும். வாசலை மறித்தவரே அடிபடுவார். முதலில் மேலே பாருங்கள். பாறை நெற்றியில் பெருந்தேனீ அடை தொங்கினால் அத்தோடு திரும்புங்கள்: புகை, வாசனைத் தைலம், கமராவின் பிளாஷ், கத்தல் எதுவும் வேண்டாம். தேனீ கிளம்பிவிட்டால் நின்று அடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு பற்றைக்குள்ளால் ஓடுங்கள், சில நூறு மீற்றர் தாண்டும்வரை நிற்காமல். பிறகு கொடுக்கை நகத்தால் வழித்தெடுங்கள்.

அடுத்தது தரை. குகைத் தூசியில் எல்லாம் எழுதியிருக்கும். அகன்ற பாதமும் நீள நகமும் கரடி. நகம் பதியாத வட்டப் பாதம் சிறுத்தை. சிதறிய முள்ளும் கொறித்த எலும்பும் முள்ளம்பன்றி. புது எச்சமோ ஈரமணமோ இருந்தால் உள்ளே கால் வைக்க வேண்டாம். வௌவால் எச்சம் தடித்துக் கிடந்தால் முகக்கவசம் போடுங்கள், தூசியைக் கிளப்பாதீர்கள். டோர்ச் அடித்துப் பார்க்காத வெடிப்பில் கை வைக்கக் கூடாது.

பிறகு பாறையின் நெற்றியை நன்றாகக் கவனியுங்கள். பழைய துறவிகள் இருந்த குகை என்றால் விளிம்பு நெடுக ஒரு வரம்பு வெட்டியிருக்கும். பாறை முகத்தால் வழிந்து வரும் மழைநீர் உள்ளே போகாமல் அந்த வரம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உளியால் செய்த இந்தச் சிறு வேலை இன்றும் மழையில் பிழையில்லாமல் நடக்கிறது. மழைநாளில் பார்ப்பவர் மறக்கமாட்டார். கல்வெட்டு இருந்தால், அந்த வரம்புக்குக் கீழேதான் பிராமி என்ற பழைய எழுத்து இருக்கும். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளக் குகைக் கல்வெட்டில் தமிழ் வணிகர் விசாகரின் பெயர் வருகிறது. எழுத்தைத் தெளிவாகப் படமெடுக்க நேரே பிளாஷ் அடித்தால் தட்டையாகத்தான் வரும். ஒருவர் பக்கவாட்டிலிருந்து பாறையை ஒட்டி டோர்ச் பிடிக்க, பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சோக்கால் எழுத்தை நிரப்பாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உங்கள் பெயரை எழுதாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி அது குற்றம். அதைவிடப் பெரிது, ஒரு முறை அழிந்த எழுத்து நம் பிள்ளைகளுக்கு இல்லை.

பாறைக் குழிகளில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். அது மிருகத்தின் தண்ணீர். பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டாம், முகம் கழுவ வேண்டாம்.

வன்னிக் காடு தட்டை. மேட்டில் ஏறித் திசை பார்க்க முடியாது. புறப்படும்போதே போனில் நடைப்பாதையைப் பதிய விடுங்கள். வழி தவறினால் விசிலை மூன்று முறை ஊதிக் கூடி நில்லுங்கள். ‘குளக்கட்டைக் கண்டால் ஊர் வரும்’ என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது: கைவிடப்பட்ட பழங்குளங்கள் காடு முழுக்கக் கிடக்கின்றன, அவற்றின் கட்டைப் பிடித்து நடந்தால் காட்டுக்குள்ளேதான் போவீர்கள். கட்டில் பெருமரம் வளர்ந்திருந்தால் அது செத்த குளம். துருசும் (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு) ஓடும் வாய்க்காலும் இருந்தால் மட்டும் வாய்க்காலைப் பிடித்துக் கீழே போங்கள். வயல் வரும், வாடி வரும்.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றி, காலை ஒரு தடியோடு சேர்த்து ஆடாமல் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். வீதிக்கு வந்ததும் 1990க்கு அழைத்து ஆம்புலன்ஸ் எடுங்கள். புடையன் கடிக்கு ஆஸ்பத்திரி மருந்தைத் தவிர வேறு மருந்து இல்லை.

மிதிவெடிப் பலகை, சிவப்பு அடையாளம், மண்டையோட்டுப் படம் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் இல்லை. மழை மண்ணை அரித்துப் பழைய வெடிபொருளை வெளியே கொண்டுவரும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, 119க்கு அறிவியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வெளியே கழற்றி வெந்நீரில் போடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், இடுப்பு மடிப்பு என்று உடம்பு முழுக்க உண்ணி பாருங்கள். மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், அல்லது சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுத்த புண் கண்டால், மருத்துவரிடம் ‘காட்டுக்குப் போனேன்’ என்று நீங்களாகவே முதல் வசனமாகச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது.