மருந்துக் கடையிலிருந்து எம்பிபிஎஸ்: முப்பதைத் தாண்டியவர்களுக்கு

முதலில் வயதுக் கவலையை விடுங்கள். நீட் எழுத மேல் வயது வரம்பு கிடையாது. தேசிய மருத்துவ ஆணையம் அதை 2022-இல் எடுத்துவிட்டது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருந்தால் போதும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 2020-இல், 64 வயதில் எம்பிபிஎஸ் சேர்ந்தார். நான் 31-இல் சேர்ந்தேன். அதுவரை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக் கடை பார்மசிஸ்ட்.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவர்களுக்கும் வழி உண்டு. உயிரியலைப் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் செல்லும் என்று 2023 நவம்பரில் ஆணையம் அறிவித்தது. அங்கீகாரம் பெற்ற வாரியமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள் தமிழ்நாட்டு ஆளா, புதுச்சேரி ஆளா என்பது. நம் ஊரில் இது பெரிய விஷயம். வீடு ரெட்டிச்சாவடியில், வேலை புதுச்சேரியில், பள்ளி பாகூரில் என்று கலந்து வாழ்கிறவர்கள் நிறைய. கலந்தாய்வில் அந்தக் கலப்பு எடுபடாது. தமிழ்நாட்டு இடங்களுக்கு மருத்துவச் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழு, புதுச்சேரி இடங்களுக்கு அங்கே சேர்க்கையை நடத்தும் சென்டாக். கதிர்காமத்தில் இருக்கும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி சென்டாக் வழிதான். கோரிமேடு ஜிப்மருக்கு 2020 முதல் நீட்தான் நுழைவுத் தேர்வு. அதில் புதுச்சேரிக்காரர்களுக்கென்று தனி இடங்களும் உண்டு. எங்கள் மாவட்ட அரசுக் கல்லூரி இருப்பது சிதம்பரத்தில், பழைய ராஜா முத்தையா. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எல்லாரும் போட்டி போடலாம்.

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். அதற்குப் படிப்புச் சான்று வேண்டும். முப்பது வயது ஆள் போய்க் கேட்டால் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும். எனக்கு எட்டாவது வரை ஒரு பள்ளி, அப்புறம் இன்னொன்று, இரண்டுக்கும் அலைந்தேன். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் இதை முன்பே வாங்கி வையுங்கள்.

படிப்பு விஷயத்தில் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வேலை அனுபவம் நீட்டில் ஒரு மார்க்கும் தராது. மருந்தியல் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. நீட் கேட்பது பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடம்: தாவரவியல், சூழலியல், மரபியல், சுழல் இயக்கம். 180 கேள்வியில் 90 உயிரியல். 720 மதிப்பெண்ணில் பாதி. பள்ளியை விட்டு வெகுநாள் ஆனவர்கள் உயிரியலிலும் வேதியியலிலும் கால் ஊன்றிவிட்டு, இயற்பியலில் தங்களுக்கு வருகிற பாடங்களை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. வேலையை உடனே விட வேண்டாம் என்பேன். மதியம் இரண்டு முதல் நாலரை வரை எங்கள் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். கல்லாவுக்குப் பக்கத்திலேயே என்சிஇஆர்டி புத்தகம் கிடக்கும். கடைசி நான்கைந்து மாதம் மட்டும் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

பணம். அரசுக் கல்லூரியில் கட்டணம் பயமுறுத்தாது. வீட்டுச் செலவுதான் பயமுறுத்தும். நாலரை ஆண்டு வருமானம் இல்லை, கடைசி ஓராண்டு பயிற்சியில்தான் உதவித்தொகை. என் மனைவி ஆசிரியை, அவர் சம்பளத்தில்தான் வண்டி ஓடுகிறது. மாமனாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லையென்றால் முதலில் சேமியுங்கள். வெளிநாட்டில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுக்கு அதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அங்கே படிக்கவும் நீட் தேர்ச்சி வேண்டும், திரும்பி வந்தால் இங்கே இன்னொரு தேர்வும் உண்டு.

கூடப் படிப்பவர்கள் 'அண்ணா' என்பார்கள். பழகிவிடும்.

பழைய வேலை கைகொடுப்பது வார்டில்தான். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நம் ஊர்ப் பாட்டிகள் பதில் சொல்வதில்லை, மஞ்சப்பையை நீட்டுவார்கள். அதைக் கட்டிலில் கொட்டுவேன். பாதி மாத்திரைப் பட்டைகளில் பெயர் இருந்த பக்கம் வெட்டப்பட்டிருக்கும். மற்ற மாணவர்கள் முழிக்கும்போது எனக்கு மிச்சமிருக்கும் எழுத்தும் ஃபாயில் நிறமுமே போதும், பிறகு டாக்டர் சீட்டோடு ஒத்துப்பார்த்துக்கொள்வேன். ஒருமுறை இப்படிக் கொட்டியதில் இரண்டு கம்பெனிப் பட்டைகள், இரண்டும் கிளிமெபிரைடு என்ற ஒரே சர்க்கரை மாத்திரை. இரண்டு டாக்டர்கள் எழுதியது, இரண்டையும் பாட்டி தவறாமல் விழுங்கியிருக்கிறார். காலையில் சர்க்கரை இறங்கி மயங்கியதற்குக் காரணம் அங்கேயே கிடந்தது. பட்டையை வெட்டும்போது பெயர் தெரிய வெட்டுங்கள் என்று கடையில் இருக்கும் நண்பர்களிடம் இப்போது பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

என்னைப்போல் பார்மசிஸ்டாக இருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. கல்லூரியில் சேரும் முன் கடையின் மருந்து உரிமத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். "சர்டிபிகேட் மட்டும் இருக்கட்டும் தம்பி, மாசாமாசம் ஏதாவது தர்றேன்" என்று முதலாளி நயமாகக் கேட்பார். இணங்காதீர்கள், நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அங்கே கொடுக்கப்படும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பொறுப்பு உங்கள் பெயரில்தான்.